நாலு மணி, எட்டு

சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தால்தான் அடுப்புக்கு அடியில் எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கிறது என்று தெரியும். போன வாரம் உருண்டோடிய உருளைக்கிழங்கு ஒன்று அங்கே முளைவிட்டுக் கிடந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. துணி ஆலையில் காலை ஐந்தரை மணிக்கு நிற்கத் தொடங்கிய கால்கள். இப்போது மாலை மணி ஏழு. படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை உலகத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதனால்தான் இரண்டு வருடமாக இதை விடாமல் செய்கிறேனோ என்னவோ.

ரைஃபிளின் கட்டையைத் தோளில் பொருத்திக் கன்னத்தை அதன்மேல் சாய்த்தேன். எங்கள் வீட்டில் சமையலறைக் கதவும் படுக்கையறைக் கதவும் நேருக்கு நேர் இருக்கின்றன. இரண்டையும் திறந்து வைத்தால் படுக்கையறைச் சுவர் வரை ஆறு மீட்டர். அந்தச் சுவரில் ஒரு கறுப்புப் பொத்தானை ஒட்டியிருக்கிறேன். என் கணவர் ஃபிரிடோலினின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டிலிருந்து பிய்த்தது. ஆறு மீட்டரில் அந்தப் பொத்தான் எவ்வளவு தெரிகிறதோ, முந்நூறு மீட்டரில் இலக்குப் பலகையின் கறுப்பு வட்டமும் சரியாக அவ்வளவுதான் தெரியும். கணக்குப் போட்டுச் சொன்னவர் எங்கள் சங்கத்தில் மூத்தவரான கஸ்பார். கோட்டுக்கு இனி பொத்தான் எதற்கு என்று முடிவு செய்தது நான்.

பாதி மூச்சை விட்டு நிறுத்தினேன். விசையை முதல் தடை வரை இழுத்து, துப்பாக்கிக் குழாயின் நுனியில் இருக்கும் குறிமுள் பொத்தானுக்குக் கீழே வந்து நிற்கும் வரை பொறுத்து, மிச்சத்தையும் இழுத்தேன். டிக். உள்ளே இருந்தது காலித் தோட்டா.

"எங்க?" என்றார் ஃபிரிடோலின்.

"ஒம்போது மணி, ஒம்போது" என்றேன்.

இலக்கைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேலே பன்னிரண்டு, கீழே ஆறு. சுட்ட மறுகணம், பலகையைப் பார்ப்பதற்கு முன்பே, குண்டு எந்த மணிப் பக்கம் போனது, எத்தனை புள்ளி வாங்கியது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் பார்க்க வேண்டும். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால் நீ தேறுகிறாய் என்று அர்த்தம். பத்து வாங்குவது அப்புறம். இதைத்தான் இரண்டு வருடமாக ஒரு நோட்டில் இரண்டு வரிசையாக எழுதி வருகிறேன், சொன்னது ஒரு வரிசை, விழுந்தது ஒரு வரிசை.

ஃபிரிடோலின் கூரை வேய்கிறவராக இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. நாலைந்து சொற்கள் மட்டும் ஏனோ மிஞ்சின. 'ஆமா', 'சூப்பு', 'போதும்', 'எங்க'. இதில் 'எங்க' என்பது எல்லாவற்றுக்கும் பொதுவானது. கழிப்பறைக்கும் அதுதான், இறந்துபோன நாய்க்கும் அதுதான். நான் தரையில் படுத்து டிக் என்று அடிக்கும்போது மட்டும் அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து விழும். சக்கர நாற்காலியை எனக்குப் பக்கவாட்டில் நிறுத்திவைப்பேன். அவர் குழாயின் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கேட்பார், நான் சொல்வேன். எங்களுக்குள் ஒரு நாளில் நடக்கும் முழுப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதில் பொய் கலந்ததில்லை.

துப்பாக்கி என் பரம்பரைச் சொத்து ஒன்றும் இல்லை. சுடும் கொட்டகையின் சமையலறையில் செர்வெலா தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவள் நான். நாலு வருடத்துக்கு முன் நாடு முழுவதும் எல்லாச் சங்கங்களும் ஒரே வார இறுதியில் சுடும் விழாவன்று, பக்கத்து ஊரைவிட எங்களுக்கு ஒரு தலை குறைந்தது. கொட்டகைத் தலைவர் யோஸ்ட் நேராக அடுப்புக்கே வந்துவிட்டான். "ரேகுலா, வந்து பதினெட்டு தடவ விசைய இழுத்துட்டுப் போ. எங்க போனாலும் பரவால்ல, தலை எண்ணிக்கைக்குத்தான்" என்றான். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்தேன். மத்தியானத்தில் நான் படுத்ததே அன்றுதான். காதை அடைத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்க முடியாத இடத்தில், முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளியைத் தவிர வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. எழுந்தபோது முழங்கைகள் எரிந்தன. ஆனால் தூங்கி விழித்தது போல இருந்தது. அடுத்த வருடமே ஃபிரிடோலின் விழுந்தார். அதற்குப் பிறகு அந்த இடம் இல்லாமல் எனக்கு முடியாது என்று ஆகிவிட்டது.

புதன்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டு வரை பயிற்சி. மே முதல் செப்டம்பர் வரை மழையானாலும் வெயிலானாலும் உண்டு. அந்த இரண்டு மணி நேரமும் எனக்குக் கிடைப்பது என் நாத்தனார் ஹெட்விக்கால். இரண்டு நிலையம் தள்ளி இருக்கிறாள், வயது அறுபத்து மூன்று. ரயிலேறி வந்து தம்பிக்குச் சூப்பு ஊட்டிவிட்டு, நான் வந்ததும் அடுத்த ரயிலில் போவாள். மூட்டு தேய்ந்தவள். படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமியைக் கூப்பிடுவாள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருந்தாலும் சொல்லியிருக்கிறேன், மனசுக்குள்.

போன வசந்தத்தில் அவள் பேசியே விட்டாள். "என்னால முடியலடி ரேகுலா. முட்டி ரெண்டும் போச்சு. நீ என்னமோ குழுவுல சேருவேன் சேருவேன்னு ரெண்டு வருஷமா சொல்ற. இந்தத் தடவ எடுத்தாங்கன்னா மாநிலப் போட்டி முடியிற வரைக்கும் வரேன், சத்தியமா வரேன். ஊர்ப் பேரச் சொல்லிச் சுடப் போறவள வீட்டுல உக்காரு, நான் வரமாட்டேன்னு சொன்னா காறித் துப்புவாங்க. எடுக்கலேன்னா விட்டுடு. அவனையும் கூட்டிட்டு நீ எங்கயும் போக முடியாது, நானும் இப்படி வந்து போக முடியாது."

நியாயம்தான். குழு என்பது ஐந்து பேர். நாலு இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது இடம் முப்பது வருடமாகக் கஸ்பாருடையது. இந்த வருடம் அந்த இடத்துக்குப் போட்டி வைக்கலாம் என்று சங்கம் தீர்மானித்தது. ஜூன் கடைசிச் சனிக்கிழமை, ஆளுக்கு இருபது தோட்டா. போட்டிக்கு வந்தது இரண்டே பேர். அவரும் நானும்.

நான் எப்படிப் பயிற்சி செய்தேன் என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆலையில் துணிப் பொதிகளைத் தூக்கி அடுக்கிவிட்டு வரும் கைகள் அவை. முதல் பத்துத் தோட்டா நன்றாகப் போகும். பதினைந்துக்கு மேல் கை அலுத்துப்போய், விரல் மட்டும் இழுக்க வேண்டிய விசையை உள்ளங்கை முழுவதும் சேர்ந்து பிடித்துப் பிழியும். குழாய் நுனி ஒரு மயிரளவு வலப்பக்கம் கீழே இறங்கும். முந்நூறு மீட்டரில் அந்த மயிரளவு ஒரு சாண் ஆகிவிடும். நாலு மணி, எட்டு. என் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இதுதான் இருக்கும். பயிற்சி என்றால் ஏதோ படிப்படியாக மேலே ஏறுவது என்று நினைத்திருந்தேன். அது ஒரே தப்பை வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவது. முதல் வருடம் அது வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் வருடம் வருகிற நொடியிலேயே தெரிந்தது. தடுக்கத்தான் இன்னும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை தெற்குக் காற்று அடித்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அது அடித்தால் மலை பக்கத்தில் வந்து நிற்கும், தலை வலிக்கும், பால் திரியும், மாமியார் மருமகள் சண்டை வரும். கொட்டகைக்கு எதிரே புல்வெளி, அதன் மறுகோடியில் மண்மேட்டின் அடியில் பலகைகள். பலகைகளுக்குக் கீழே குழி. அதற்குள் மூன்று பேர் பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் பலகையைக் கீழே இறக்கி, ஓட்டையை ஒட்டி, மறுபடி ஏற்றி, நீளக் கழியால் எத்தனை என்று காட்டுவார்கள். குழிக்கும் கொட்டகைக்கும் ஒரு தொலைபேசி. இரண்டு பலகைக்கும் நடுவில் கட்டிய துணிக்கொடி துடித்துக்கொண்டிருந்தது. நாலாம் பலகை கஸ்பாருக்கு, ஐந்தாம் பலகை எனக்கு.

அவர் அறுபத்தெட்டு வயதுக்காரர். படுத்தால் பாயோடு பாயாகிவிடுவார். அவசரமே கிடையாது. இரண்டு குண்டுக்கு நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடுவாரோ என்று தோன்றும். சங்கத்தில் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவரும் அவர்தான். யாராவது சண்டை போட்டால் "பக்கம் இருபத்தி ரெண்டு பாரு" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

பத்துக் குண்டு வரை நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடினோம். பன்னிரண்டாவதில் காற்று கொஞ்சம் தூக்கியது. பதினான்கில் என் உள்ளங்கை விழித்துக்கொண்டது. நாலு மணி, எட்டு. பதினைந்து, நாலு மணி, எட்டு. எழுந்து போய் அதைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. பத்தொன்பது முடிந்தபோது கரும்பலகையில் அவருக்கு நூற்று எண்பத்திரண்டு. எனக்கு நூற்று எழுபத்து மூன்று. கடைசிக் குண்டில் நான் பத்தே வாங்கினாலும் நூற்று எண்பத்து மூன்றுதான். அவர் பலகையின் ஓரத்தில் எங்காவது உரசி இரண்டு புள்ளி வாங்கினாலே போதும். அவர் பலகையில் உரசுகிறவரில்லை.

முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது. இனி புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பேன் என்று பார்த்தேன். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் செய்வதையே செய்துகொண்டிருப்பேன். சூப்பைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

கடைசித் தோட்டாவை உள்ளே தள்ளினேன். பக்கத்தில் கஸ்பார் எப்போதோ தயாராகியிருந்தார், ஆனால் சுடவில்லை. காத்துக்கொண்டிருந்தார். காற்றுக்காக என்று நினைத்தேன். நான் மூச்சை விட்டேன், நிறுத்தினேன், பொறுக்க மாட்டாமல் பிடித்துப் பிழிந்தேன். என் வெடியோடு வெடியாக அவர் வெடியும் ஒட்டிக்கொண்டு கேட்டது. கன்னத்தை எடுப்பதற்கு முன், பழக்கத்தில், "நாலு மணி, எட்டு" என்று முணுமுணுத்தேன். காதை அடைத்துக்கொண்டிருக்கும் கொட்டகையில் அது யாருக்குக் கேட்கும்?

பலகைகள் இறங்கின. ஏறவில்லை. தொலைபேசி அடித்தது.

யோஸ்ட் எடுத்தான். "என்னது? மறுபடி சொல்லு." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு, "அஞ்சாம் பலகைல ரெண்டு ஓட்டையாம். ஒரு பத்து, ஒரு எட்டு. நாலாம் பலகைல ஈ, கொசுகூட இல்லியாம்" என்றான்.

கொட்டகையில் இருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்து வந்தார்கள். அடுத்தவர் பலகையில் சுடுவது எங்கள் விளையாட்டில் எப்போதாவது நடக்கிற தப்புதான். புதிதாக வந்தவர்களுக்கு நடக்கும். குடித்துவிட்டு வந்தவர்களுக்கு நடக்கும். கஸ்பாருக்கு நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"என்ன பெரியவரே, பக்கத்து வீட்டுக் கதவத் தட்டிட்டீங்க போலருக்கு?" என்றான் யோஸ்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். "கண்ணாடி மாத்தணும் கஸ்பார்" என்றார் ஒருவர். "கண்ணாடி எதுக்கு, நாய் ஒண்ணு வாங்கிக் குடுங்க, வழி காட்டும்" என்றார் இன்னொருவர். கஸ்பார் பாயில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொண்டு காதிலிருந்து எடுத்த பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தார். "வயசாச்சு" என்றார்.

யோஸ்டுக்கு விதி தெரியும். கஸ்பாரே சொல்லிக்கொடுத்ததுதான். அடுத்தவர் பலகையில் சுட்டவருக்குச் சுழி. பலகைக்காரருக்கு எது தன்னுடையது என்று தெரியாவிட்டால் பெரிய எண் அவருக்கு. சுண்ணக்கட்டியை எடுத்தான். "அப்ப கஸ்பாருக்கு முட்டை, நூத்தி எண்பத்தி ரெண்டுலயே நிக்கிறாரு. ரேகுலாவுக்குப் பத்து, நூத்தி எண்பத்தி மூணு." எழுதப் போனவன் நின்று, "கேக்கணும்னு இருக்கு, கேக்கறேன். எது உன்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றான்.

தெரியாது என்று ஒரு சொல். தெரியாது என்றுகூடச் சொல்ல வேண்டாம், தோளைக் குலுக்கினால் போதும். ஹெட்விக் சத்தியம் செய்திருக்கிறாள். எனக்குப் புதன்கிழமைகள் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன. ஆனால் இரண்டு வருடத்தில் நான் உண்மையாகத் தேறியது ஒரே ஒரு விஷயத்தில்தான், எங்கே போனது என்று தெரிந்துகொள்வதில். நேர்மை கீர்மை என்று யாரும் பெரிய பேர் வைக்க வேண்டாம். அந்தச் சொல் ஏற்கெனவே என் வாயில் இருந்தது. அதை விழுங்குவதற்குத் தெம்பு இல்லை.

"என்னோடது எட்டு" என்றேன். "நாலு மணி."

குழியிலிருந்து தொலைபேசியில் கேட்டுவிட்டு யோஸ்ட் தலையாட்டினான். எட்டு நாலு மணிப் பக்கம்தான் இருந்தது. நூற்று எண்பத்தொன்று என்று எழுதினான். இரண்டு மூன்று பேர் என் தோளைத் தட்டினார்கள். கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டார்.

துப்பாக்கி துடைக்கும் மேசை கொட்டகைக்குப் பின்னால் கூரைச் சரிவின் கீழே இருக்கிறது. மற்றவர்கள் உள்ளே காபியில் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குழாய்க்குள் துணி விட்டு இழுத்துக்கொண்டிருந்தபோது கஸ்பார் வந்து எதிரே நின்றார். தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார், துடைக்கவில்லை.

"உங்கிட்ட யாரும்மா கேட்டா?" என்றார்.

"யோஸ்ட்தான் கேட்டான்."

"கேட்டா? அவன் கேப்பான். தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. இவருடைய இடம் போகவில்லை என்றுதானே ஆயிற்று, இவருக்கு என்ன கோபம்? "உங்க எடம் உங்களுக்கே கெடச்சிருச்சு. அப்புறம் என்ன? வயசானா எல்லாருக்கும் கண்ணு..."

"வயசாவது மண்ணாவது!" மேசையை உள்ளங்கையால் தட்டினார். எண்ணெய்க் குப்பி ஆடியது. "பத்து விழுந்துச்சே, பாத்தியா? கண்ணு தெரியாதவன் போடுற பத்தா அது? நடு நெத்தியில போட்டிருக்கேன். அம்பது வருஷத்துல அடுத்தவன் பலகைய நான் திரும்பிக்கூடப் பாத்தது கெடையாது."

துணி குழாய்க்குள் பாதியில் நின்றது.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீ எழுவத்தி மூணுல நிக்கிற. நான் எம்பத்தி ரெண்டுல நிக்கிறேன். உனக்கு ஒரு பத்து வேணும். எனக்கு ஒரு முட்டை வேணும். ரெண்டையும் ஒரே தோட்டாவுல முடிச்சேன். அழகா முடிச்சேன். நீ வாயத் தொறந்து கெடுத்துட்ட."

"எனக்கு விட்டுக் குடுக்கச் சொல்லி நான் கேட்டனா?"

"கேட்டா செஞ்சிருக்க மாட்டேன்." மூக்கைச் சிந்தினார். "ஹெட்விக் ரயில்ல வாரவ, வழியில பாக்குறவன்கிட்ட எல்லாம் முட்டியப் பத்தியும் சொல்லுவா, உன்னப் பத்தியும் சொல்லுவா. என் பொண்டாட்டி க்ளாரா ஆறு வருஷம் படுக்கையில கெடந்தா. அப்ப அவ தங்கச்சி புதன்கிழமை வருவா. நான் இங்க வந்து படுப்பேன். பாதி நாளு சுடக்கூட மாட்டேன். சும்மா குறி பாத்துட்டுக் கெடப்பேன். அந்தப் புதன் மட்டும் இல்லேன்னா நான் அவளக் கொன்னுருப்பேன், இல்ல ஆத்துல விழுந்திருப்பேன். இப்ப எனக்கு எந்தப் புதனும் வேண்டாம். எல்லாக் கெழமையும் காலியாத்தான் கெடக்கு."

"யோஸ்ட்கிட்ட விலகிக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? பாவம் பாத்துக் குடுத்த எடம்னு ஊரு பேசும். நீயும் வாங்கிக்க மாட்ட. உன்னத் தெரியாதா எனக்கு? ஏப்ரன் கட்டிட்டுச் சுட்டவதானே." தன் துப்பாக்கியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "இப்ப பாரு. அம்பது வருஷத்துப் பேரும் போச்சு, எடமும் என் தலையிலயே விழுந்துச்சு. செப்டம்பர்ல போய்ச் சுடணும். கொட்டாவி வருது இப்பவே."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நன்றியும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் துணியை வெடுக்கென்று இழுத்தேன். கறுப்பாக வந்தது.

"வீட்டுல என்ன சொல்லப் போற?" என்றார்.

"தெரியல."

"தெரியலன்னு இப்பத்தான் வருது வாயில" என்றார் கஸ்பார். சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் துடைக்காமலேயே உறையில் போட்டுக்கொண்டு போனார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆற்றோரமாக நடந்தேன். காற்று முதுகில் அடித்தது. வீட்டுப் படியில் ஷூவைக் கழற்றும்போதே சோப்பு வாசனை வந்தது. உள்ளே ஹெட்விக் காலை ஒரு வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் பன் ரொட்டி போல வீங்கியிருந்தன. அடுப்பை நகர்த்தி, அடியில் பெருக்கித் துடைத்திருக்கிறாள். முளைவிட்ட உருளைக்கிழங்கு மேசைமேல் ஒரு சாசரில் இருந்தது.

"எலி கூடு கட்டாததுதான் பாக்கி" என்றாள். "துப்பாக்கிய வச்சிட்டு அங்கயே படுத்துக் கெடக்கியே, கண்ணுக்குத் தெரியலியா?" பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது ஆசையா பயமா என்று எனக்குப் புரியவில்லை. நான் தோற்றிருந்தால் அவள் முட்டிக்கு விடுதலை. நான் ஜெயித்திருந்தால் அவள் தம்பி பெண்டாட்டி ஊர்ப் பேர் சொல்லிச் சுடப் போகிறவள். "என்னடி ஆச்சு? எடுத்தாங்களா?"

ஃபிரிடோலின் நாற்காலியில் இருந்து தலையைத் திருப்பினார்.

"எடுத்தாங்க" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. கொட்டகையில் தோளைக் குலுக்க மாட்டாதவள், இங்கே முழுதாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் துப்பாக்கியை மூலையில் சாத்தினேன். அங்கே சும்மா இருந்திருந்தால் விதிப்படி என்னுடையது. இங்கே திருட வேண்டியிருக்கிறது. போட்டி செப்டம்பர் மூன்றாம் வாரம். அப்போது பத்திரிகையில் ஐந்து பேருடைய பெயரும் வரும். ஹெட்விக் பத்திரிகையை விளம்பரம் விடாமல் படிப்பவள். அதற்கு முன்பே ரயிலில் யாராவது போட்டுக்கொடுக்கலாம். யாரும் கொடுக்காவிட்டால் எனக்குப் பதினொரு புதன் இருக்கிறது.

"கடவுளே" என்றாள் ஹெட்விக். கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். "கஸ்பாரத் தோக்கடிச்சிட்டியா?"

"அவரு கடைசிக் குண்ட என் பலகையில போட்டுட்டாரு." இது உண்மை.

"அட பாவமே. கெழவனுக்குக் கண்ணு போச்சு." வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுப் பக்கம் தொங்கும் நாட்காட்டியில் பென்சிலால் புதன்கிழமைகளை ஒவ்வொன்றாக வட்டம் போட்டாள், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். ஒவ்வொரு தாளைத் தூக்கும்போதும் மூட்டைத் தாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா சொன்னதுதான். வரேன். மருந்து போட்டுக்கிட்டு வரேன்." போகும்போது என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருடத்தில் அவள் அதைச் செய்தது முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. ஜெயித்த அழுகை என்று நினைத்துக்கொண்டு தானும் அழுதாள். ரயிலுக்கு நேரமாயிற்று என்று படிகளில் சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு நின்றேன். சூப்பு இன்னும் சூடாக இருந்தது, வெளியே இன்னும் வெயில் இருந்தது. இன்றைக்கு இருபது குண்டு சுட்டாயிற்று, இனி எதற்குப் பயிற்சி? ஆனால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தால் ஃபிரிடோலினுக்கு நேரே முகத்தைக் காட்ட வேண்டும். துப்பாக்கியை எடுத்துக் காலித் தோட்டாவைப் போட்டு, துடைத்த தரையில் குப்புறப் படுத்தேன். தரை குளிர்ந்திருந்தது. அடுப்புக்கு அடியில் சுவர் வரை வெறிச்சென்று தெரிந்தது.

அவர் சக்கரத்தை இடது கையால் தள்ளிக்கொண்டு வழக்கமான இடத்துக்கு வந்தார்.

பொத்தான் இருந்தது. மூச்சை விட்டேன், நிறுத்தினேன். குறிமுள் நிற்கவில்லை. கை முழுக்க விசையைப் பிடித்துப் பிழிந்தது. டிக்.

"எங்க?" என்றார் ஃபிரிடோலின்.

"பத்து" என்றேன்.

கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் திருப்பினேன். இரண்டு வருடமாக இதே இடத்திலிருந்து என் குழாயின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். தொடையிலிருந்து இடது கையை மெதுவாக உயர்த்தினார். ஆட்காட்டி விரலை நீட்டிச் சுவரில் இருந்த பொத்தானைக் காட்டினார். பிறகு அந்த விரலை வலப்பக்கமாகக் கொஞ்சம் இறக்கி, அங்கே நிறுத்தினார்.

என் குழாய் நுனி ஆடிக்கொண்டிருந்தது. அந்த விரல் ஆடவில்லை.